உள்ளூர் உயர்தர உணவகத்தை எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விலை கூடிய உணவகத்திலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புகள்தான் கிடைக்கும். ஒன்று "பிரமாதம்", இன்னொன்று "காசுக்குக் கேடு". இரண்டும் சொல்பவரின் அன்றைய மனநிலையைத்தான் காட்டுகின்றன. பசியோடு போனாரா, யாரோடு போனார், பில்லை யார் கட்டினார் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துவிடும். உணவகத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

தங்கள் ஊரிலேயே இருக்கும் நல்ல உணவகங்களுக்கு அவ்வப்போது போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உலகப் புகழ்பெற்ற உணவகத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை போய்வருகிறவருக்கு இல்லாத வசதி ஒன்று உள்ளூர்க்காரருக்கு உண்டு. அவரால் மறுபடியும் போக முடியும். நான் கூடுதல் விலை கொடுப்பது ஒருநாள் அமைந்துவிட்ட நல்ல சமையலுக்காக அல்ல, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவிலும் அதே தரம் தட்டில் வந்து சேர்வதற்காக. அதை ஒரே முறை போய்க் கண்டுபிடிக்க முடியாது. எனவே கீழே உள்ள படிகளில் பாதி முதல் வருகைக்கும் மீதி அடுத்த வருகைக்கும் ஆனவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எதற்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள்?

எந்த உணவகமும் எல்லாவற்றையும் தருவதாகச் சொல்வதில்லை. ஒன்று அமைதியான மாலைப்பொழுதை விற்கிறது. இன்னொன்றில் நாற்காலி சுமார்தான், ஆனால் செஃப்பின் கற்பனை வேறெங்கும் கிடைக்காது. மற்றொன்று பத்துப் பேர் கூடிச் சிரித்துப் பேசுவதற்கென்றே அமைந்தது. அமைதியை விற்கும் இடத்தில் இரைச்சல் பெரிய குறை. கொண்டாட்டத்துக்கான இடத்தில் அதே இரைச்சலைக் குறை சொல்வது நியாயமில்லை. போவதற்கு முன்பே உணவகத்தின் இணையதளத்தையும் மெனுவையும் சற்று நேரம் பார்த்து, இந்தப் படியின் தலைப்பில் உள்ள கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் சொல்லப்போகும் தீர்ப்புக்கு அந்த ஒரு வரிதான் அளவுகோல்.

மெனுவின் நீளத்தையும் பாருங்கள். உயர்தரம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் இருந்தால் எனக்கு உடனே ஐயம் எழும். அத்தனையையும் தினமும் புதிதாகச் செய்வதற்கு ஆள்பலம் உள்ள சமையலறைகள் மிக அரிது. பெரும்பகுதி ஃப்ரீசரிலிருந்தோ இரண்டு மூன்று அடிப்படை சாஸ்களிலிருந்தோதான் வந்தாக வேண்டும். இருபது, இருபத்தைந்து பதார்த்தங்கள் இருந்து, அவற்றில் சில பருவத்துக்குப் பருவம் மாறினால் நல்ல அறிகுறி. வாடிக்கையாளர்கள் இணையத்தில் போட்டிருக்கும் பழைய மெனுப் படங்களை இன்றைய மெனுவோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

தட்டையும் சூழலையும் கலக்காமல் பார்க்கும் பழக்கத்தை மிஷலின் கையேட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். கார் வைத்திருப்பவர்களுக்காகப் பிரெஞ்சு டயர் நிறுவனம் 1900-இல் வெளியிடத் தொடங்கிய அந்தக் கையேடு, 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற அடுக்குமுறை 1931-இல் வந்தது. நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். இருக்கை, அலங்காரம், சொகுசு ஆகியவற்றைக் கரண்டியும் முள்கரண்டியும் கொண்ட தனிச் சின்னத்தால் அது நெடுங்காலம் குறித்துவந்தது. அதன் ஆய்வாளர்கள் பார்ப்பவை ஐந்து: பொருள்களின் தரம், சமையல் நுட்பத்தில் தேர்ச்சி, சுவைகளின் இசைவு, சமைப்பவரின் தனித்தன்மை, மெனு முழுவதிலும் காலப்போக்கிலும் மாறாத தரம். ஐந்தாவதை ஒரே வருகையில் அளக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

2. எந்த நாள், எந்த நேரம்?

முதல் வருகையை வாரத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று சமையலறைக்கு மூச்சுவிட நேரம் இருக்கும், பரிமாறுபவர்களுக்கும் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பொறுமை இருக்கும். உணவகம் தன்னால் முடிந்த மிகச் சிறந்ததைக் காட்டக்கூடிய நாள் அதுதான். வார இறுதிக் கூட்டத்தை இரண்டாவது வருகைக்கு ஒதுக்குங்கள். திறந்து ஓரிரு வாரமே ஆன இடத்துக்கு ஆவலில் போகலாம், ஆனால் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

முன்பதிவைச் செயலியில் செய்வதைவிடத் தொலைபேசியில் செய்வதையே நான் விரும்புகிறேன். உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறையால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஏனெனில் சாஸ்களும் அடிப்படைச் சாறுகளும் காலையிலேயே தயாராகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை உணவகங்கள் தரவேண்டும் என்பது சட்டம். சட்டம் எப்படியிருந்தாலும், நல்ல உணவகம் இதைத் தானாகவே கேட்கும். நீங்கள் தொலைபேசியில் சொன்னது, அன்று மாலை ஆர்டர் எடுக்க வருபவருக்கு நீங்கள் நினைவூட்டாமலே தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்திருந்தால் அந்த இடத்தில் ஒருவர் சொன்னது அடுத்தவரைச் சென்றடைகிறது என்று பொருள். இதற்கு நான் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பேன்.

வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முப்பது இருக்கைகள் மட்டுமே உள்ள இடத்தில் நான்கு பேர் சொல்லாமல் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் ஓட்டை விழுந்துவிடும். சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான், மூக்கடைப்போடு போய் எந்தச் சமையலையும் எடைபோட முடியாது. அதே காரணத்தால் கடுமையான வாசனைத் திரவியமும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரர்களும் நன்றி சொல்வார்கள்.

3. உட்கார்ந்த முதல் பத்து நிமிடங்கள்

வரவேற்றவர் உங்கள் முகத்தைப் பார்த்தாரா, கணினித் திரையைப் பார்த்தாரா? மேசை ஆடுகிறதா? கால் ஒன்றின் அடியில் மடித்த காகிதம் இருந்தால், இந்த மேசை ஆடுவது அவர்களுக்குப் பல நாளாகத் தெரியும் என்று அர்த்தம். தண்ணீர் டம்ளரின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மெனு அட்டையைப் படிக்கக் கைப்பேசி விளக்கு தேவைப்பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையைப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், நீட்ட வேண்டியதில்லை: ஒருமுறை எட்டிப் பாருங்கள், கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது.

இரைச்சலைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அது காதோடு நிற்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்தின் உட்புற இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சுவைத்தவர்களுக்கு இனிப்பு மங்கலாகவும் உமாமி எனப்படும் இறைச்சிச் சாறு போன்ற சுவை தூக்கலாகவும் தெரிந்தன. இரைச்சலான அரங்கில் இனிப்பு வகை சப்பென்று இருந்தால், செஃப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் சுவரையும் கூரையையும் ஒருமுறை பாருங்கள். எங்கும் கண்ணாடியும் சிமென்ட்டுமாக இருக்கும், ஒலியை உறிஞ்சுவதற்கு ஒரு திரைகூட இருக்காது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்பதே எளிய சோதனை.

4. என்ன ஆர்டர் செய்வது?

மெனுவும் ஒரு விற்பனைக் கருவிதான். கார்னெல் பல்கலைக்கழகம் 2009-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், நாணயக் குறி இல்லாமல் வெறும் எண்ணாக விலை அச்சிட்ட மெனுவைப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் செலவு செய்தார்கள். மெனுவின் உச்சியில் கண்ணைப் பறிக்கும் விலையில் ஒன்று இருந்தால், அதை விற்பதைக்காட்டிலும் அடுத்த வரியில் இருப்பதை மலிவாகத் தோன்றச் செய்வதே அதன் வேலையாக இருக்கலாம். "சந்தை விலை" என்று போட்டிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். வாயால் சொல்லப்படும் இன்றைய சிறப்புகளுக்கும் விலையைக் கேட்டுவிடுங்கள். கேட்கும் முன்பே சொல்பவர் நல்ல சர்வர்.

எடைபோடுவதற்காகப் போகும்போது நான் மூன்று வகைகளைக் கலந்து வாங்குவேன். ஒன்று, அந்த உணவகம் எதற்குப் பெயர்பெற்றதோ அது. இரண்டாவது, ஒளிந்துகொள்ள இடமில்லாத எளிய பதார்த்தம்: தெளிந்த சூப், வாட்டிய மீன், வெறும் பச்சைக் காய்களின் கலவை. விலை உயர்ந்த பொருளும் கனமான சாஸும் இல்லாதபோதுதான் கைப்பக்குவம் தெரியும். மூன்றாவது, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று சமையலறை நினைக்கக்கூடியது, அதாவது கூடவே வரும் காய்கறி, ரொட்டி, சோறு. முக்கியத் தட்டில் உழைப்பைக் கொட்டிவிட்டு இவற்றில் அசட்டையாக இருக்கும் இடங்கள் நிறைய உண்டு.

உடன் வருபவர்கள் ஆளுக்கொன்றாக வேறுவேறு வாங்குவது நல்லது. ஆனால் தட்டுகள் மேசையைச் சுற்றிப் பயணம் செய்துகொண்டே இருந்தால் எல்லாம் ஆறிவிடும். முதல் சில வாய்களை அவரவர் தட்டில் சாப்பிட்டுவிட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். செஃப்பே வரிசையாகப் பல சிறு தட்டுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் டேஸ்டிங் மெனு முதல் வருகைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது உணவகம் தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு உணவகமே எழுதும் தேர்வு.

சர்வரிடம் "எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டால் "எல்லாமே" என்றுதான் பதில் வரும். "இந்த இரண்டில் எது லேசானது?", "இந்த சாஸில் புளிப்பு எதிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் "கேட்டுவந்து சொல்கிறேன்" என்று போய்த் திரும்பி வருபவரை நம்பலாம். "நீங்கள் இருவர்தானே, இதுவே போதும், வேண்டுமானால் பிறகு சொல்லலாம்" என்று ஆர்டரைக் குறைத்துவிடும் சர்வரைக் கண்டால் அந்த உணவகத்தை உடனே நண்பர்களிடம் சொல்லுங்கள்.

5. தட்டைப் பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றே ஒன்று. சூடாக வந்ததைப் பல கோணங்களில் எடுத்து ஆறவைத்துவிட்டு, ஆறிப்போயிருந்தது என்று எழுதுவது அநியாயம்.

உதாரணத்துக்கு வாட்டிய மீன் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் காய்கறிக் கூழ், மேலே சாஸ், நுனியில் இரண்டு இலைகள். முதலில் தட்டின் விளிம்பைத் தொடுங்கள். சூடான உணவுக்குச் சூடான தட்டு வந்திருக்க வேண்டும், குளிர்ந்த பீங்கான் சில நிமிடங்களில் வெப்பத்தை இழுத்துவிடும். அடுத்து சாஸின் மேற்பரப்பு. மெல்லிய ஏடு படிந்திருந்தால், தட்டு தயாரான பிறகு எடுத்துவர ஆளில்லாமல் சூடுகாக்கும் விளக்கடியில் காத்திருந்திருக்கிறது. அந்த இரண்டு இலைகள் துவண்டிருந்தாலும் கதை அதேதான். இப்போது மீனின் தோலை முள்கரண்டியால் தட்டிப் பாருங்கள். மொறுமொறுப்பான தோல் என்று மெனுவில் எழுதியிருந்தால் சத்தம் கேட்க வேண்டும். சதையை லேசாக அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், உள்ளே ஈரப்பளபளப்பு இருக்க வேண்டும். மேலே வெள்ளைவெள்ளையாகத் திரண்டு நிற்பது மீனின் புரதம். அது நிறைய இருந்தால் நெருப்பு அதிகமாகிவிட்டது அல்லது நேரம் கூடிவிட்டது. கடைசியாக, மீன், கூழ், சாஸ் மூன்றையும் ஒரே வாயில் எடுத்துச் சாப்பிடுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கின்றனவா?

இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. பெரிய சமையலறைகள் பிரிவு பிரிவாக இயங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓட்டல் சமையலறைகளை அப்படி ஒழுங்குபடுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. மீனுக்கு ஓர் ஆள், சாஸுக்கு ஓர் ஆள், காய்கறிக்கு ஓர் ஆள். உங்கள் முன் இருக்கும் ஒரு தட்டு மூன்று கைகள் வழியாக வந்து கடைசி நொடியில் ஒன்றுசேர்ந்தது. மீன் கொதிக்கிறது, கூழ் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அந்த மூவரும் ஒரே நேரத்தில் முடிக்கவில்லை. சுவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே ஒருங்கிணைப்பு தளர்ந்திருக்கிறது.

உப்பை முதல் வாயில் முடிவு செய்யாதீர்கள். சூப்பின் முதல் கரண்டி உப்புக் குறைவாகத் தெரியலாம், கிண்ணம் பாதியாகும்போது சரியாக இருக்கும். முதல் கரண்டியிலேயே தூக்கலாக இருக்கும் சூப்பைக் கடைசிவரை குடிக்க முடியாது. முழுக் கிண்ணத்தையும் மனத்தில் வைத்துப் பதம் பார்த்தவர் யார், ஒரு கரண்டியை மட்டும் சுவைத்தவர் யார் என்பது ஐந்தாவது, ஆறாவது கரண்டியில் தெரிந்துவிடும். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சுவையுங்கள்.

வேறு சில அடையாளங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பச்சைக் காய்களின் கலவையில் தட்டின் அடியில் நீர் தேங்கியிருந்தால் இலைகளை ஈரம் போக உலர்த்தவில்லை. பொரித்த பண்டத்தின் அடியில் எண்ணெய் ஊறியிருந்தால் எண்ணெய் போதுமான அளவு காயவில்லை. வாட்டிய இறைச்சியை நறுக்கியதும் தட்டு முழுவதும் சாறு ஓடினால் அதை ஆறவிடாமல் அவசரமாக அனுப்பியிருக்கிறார்கள். ஐஸ்கிரீமில் நரநரவென்று பனிக்கட்டித் துகள் தட்டுப்பட்டால் அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. இனிப்பு வகை வெளியிலிருந்து வாங்கியதா என்று சந்தேகமாக இருந்தால் நேரடியாகவே கேளுங்கள். உள்ளே செய்ததாக இருந்தால் பெருமையோடு சொல்வார்கள்.

அலங்காரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கருத்தில்லை. சாப்பிட உதவாத பூவும் பொட்டுப் பொட்டான சாஸும் தட்டில் இருந்தால் மெல்ல ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவேன்.

6. பரிமாறுதலின் தாளம்

எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பும் பழைய ஐரோப்பிய முறை போய், ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. அதை ரஷ்ய முறை என்பார்கள். அதிலிருந்து எந்த வேகத்தில் சாப்பிடுவது என்பது விருந்தினர் கையை விட்டுச் சமையலறையின் கைக்குப் போய்விட்டது. ஆகவே இரண்டு பதார்த்தங்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அவர்களுடைய பொறுப்பு. பத்து முதல் இருபது நிமிடம் பேச்சுக்கு இதமான இடைவெளி. அரை மணி ஆனால் ஒருவர் வந்து காரணம் சொல்ல வேண்டும். முதல் தட்டை எடுக்கும் முன்பே அடுத்தது வந்து நின்றால் உங்கள் மேசை வேறு யாருக்கோ தேவைப்படுகிறது.

தட்டுகள் வந்து இறங்கும் கணத்தைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கு உரியவை எல்லாம் ஒன்றாக வர வேண்டும், எது யாருக்கு என்று கேட்காமல் அவரவர் முன் வைக்கப்பட வேண்டும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆர்டர் எடுக்கும்போதே இருக்கைக்கு எண் கொடுத்துக் குறித்துக்கொள்வார்கள், கொண்டுவருபவர் வேறு ஆளாக இருந்தாலும் சீட்டைப் பார்த்து வைத்துவிடலாம். "மீன் யாருக்கு?" என்று ஏலம் போடுகிறார்கள் என்றால் அந்தச் சிறு ஒழுங்குகூட அங்கே இல்லை. அதேபோல, ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றவரின் காலித் தட்டை எடுத்துப் போனால், சாப்பிடுபவர் தன்னால் தாமதமாகிறதோ என்று அள்ளிப் போட்டுக்கொள்வார்.

மிகையான கவனிப்பும் குறைதான். வாய் நிறைய உணவு இருக்கும்போது வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்பவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல சர்வர் தூரத்திலிருந்தே முகங்களைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் கண்ணை உயர்த்தி எத்தனை நொடியில் ஒருவர் உங்களைக் கவனிக்கிறார் என்று பாருங்கள்.

7. தவறு நேரும்போது

தவறே நேராத உணவகம் கிடையாது. ஒரு தவறு நேர்ந்துவிட்டால் உங்களுக்கு நல்லதொரு சந்தர்ப்பம் வாய்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உடனே, தாழ்ந்த குரலில், குறிப்பாகச் சொல்லுங்கள். "நன்றாக இல்லை" என்பதை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "நடுப்பகுதி வேகவில்லை", "சாஸில் உப்பு அதிகம்" என்றால் முடியும். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டுச் சொல்வதும், சிரித்துக்கொண்டே பில்லைக் கட்டிவிட்டு இரவோடு இரவாக இணையத்தில் வசைபாடுவதும் முறையல்ல.

ஒருமுறை எங்களோடு வந்த நண்பருக்கு மீனின் நடுப்பகுதி வேகாமல் வந்தது. சொன்னதும் பரிமாறியவர் தட்டைக் குனிந்து ஆராயவில்லை, "அப்படித்தான் இருக்கும்" என்று பாடம் நடத்தவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எடுத்துக்கொண்டார். அடுத்து எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் தட்டுகளையும் சூடாக வைத்திருந்து ஒன்றாகக் கொண்டுவரட்டுமா?" என்றார். நாங்கள் வேண்டாம் என்றதும், நண்பர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று சிறு கிண்ணத்தில் சூப் வந்தது. சில நிமிடங்களில் புதுத் தட்டு, புது மீன், புதிதாக வைத்த காய்கறிகள். கத்தி பட்ட பழைய துண்டைத் திரும்பச் சூடாக்கி அனுப்பவில்லை. மேனேஜர் ஒருமுறை வந்து ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் போனார். பில்லில் அந்த மீன் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த இடத்தைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

எதையும் இலவசமாகத் தந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தவறை ஒப்புக்கொண்டார்களா, உங்கள் மாலைப்பொழுது நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார்களா என்ற இரண்டும் போதும்.

8. பில்

கேட்டவுடன் வர வேண்டும், கேட்காமல் வரக் கூடாது. ஒவ்வொரு வரியையும் படியுங்கள். இதில் அநாகரிகம் எதுவும் இல்லை. கேட்காமலே திறந்து ஊற்றிய தண்ணீர் பாட்டில், இலவசம் என்று நீங்கள் நினைத்த தொடக்கத் தின்பண்டம் ஆகியவை அங்கேதான் தலைகாட்டும். சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறதா என்று நேராகக் கேளுங்கள். சமையலறையின் தவறுக்காகப் பரிமாறியவரின் டிப்ஸைக் குறைக்காதீர்கள்.

"இதை வீட்டில் செய்தால் எவ்வளவு ஆகும்?" என்ற கணக்கு இங்கே உதவாது. உணவுப் பொருள்களின் செலவு மெனு விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது இத்தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மீதி சம்பளம், வாடகை, மின்சாரம், வீணாகிப் போனவை, மிஞ்சினால் லாபம். நான் போட்டுப் பார்க்கும் கணக்கு வேறு. இதே பணத்துக்கு ஊரில் வேறெங்கு போயிருக்கலாம்? அங்கே போகாமல் இங்கே வந்ததற்கு வருத்தம் இருக்கிறதா?

9. தீர்ப்பை மறுநாள் எழுதுங்கள்

டேனியல் கானமன் முதலான உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கையைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை குறைந்த நேரமும் இன்னொரு முறை கூடுதல் நேரமும் வைத்தவர்களில் பெரும்பாலோர், முடிவு சற்று இதமாக இருந்த நீளமான சோதனையையே மறுபடி செய்யத் தேர்ந்தெடுத்தார்கள், மொத்த வேதனை அதில்தான் அதிகம் என்றாலும். ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் நிற்கின்றன, இடைப்பட்டவை மங்கிவிடுகின்றன. கடைசியில் இலவசமாக வரும் சிறு இனிப்பு சுமாரான ஒரு மாலையைக் காப்பாற்றிவிடும். பில் வரத் தாமதமானால் நல்ல சாப்பாடும் கசந்துவிடும்.

விலையும் நம்மை ஏமாற்றும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை விலை அதிகம் என்று சொல்லிக் கொடுத்தபோது மக்களுக்கு அது கூடுதலாகப் பிடித்திருந்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் செயல்பாடும் அதற்கேற்பக் கூடியிருந்தது. நம் நாக்கு பொய் சொல்வதில்லை என்று யாரும் மார்தட்ட முடியாது.

இதற்கு மாற்றாக நான் செய்வது, சாப்பிடும்போதே ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு மூன்று சொற்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வது. தீர்ப்பை மறுநாள்தான் எழுதுவேன். இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நன்றாகச் செய்யப்பட்டவை, மற்றொன்றில் எனக்குப் பிடித்தவை. கசப்பு பிடிக்காதவர் கசப்பான இலைகளைக் கொண்டு செய்த அருமையான ஒரு தட்டுக்கு முதல் பத்தியில் முழு மதிப்பும், இரண்டாவதில் பூஜ்யமும் தரலாம். முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரியை இப்போது எடுத்து, அதை நிறைவேற்றினார்களா என்று பாருங்கள்.

10. மறுபடி போங்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. உணவகத்தில் இன்று சமைத்தவர் நாளை விடுப்பில் இருப்பார். நியூயார்க் டைம்ஸில் உணவக விமர்சனத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்த கிரெய்க் கிளைபோர்ன், பத்திரிகையின் செலவில், அடையாளம் காட்டிக்கொள்ளாமல், பலமுறை போய்ச் சாப்பிட்ட பிறகே எழுதும் மரபை நிலைநாட்டினார். உங்களுக்கு அந்த வசதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

இரண்டாவது முறை, கூட்டமான இரவில் போங்கள். முதல் தடவை சாப்பிட்டதில் ஒன்றையாவது மறுபடி ஆர்டர் செய்யுங்கள். அதே அளவு, அதே பதம், அதே சூடு இருக்கிறதா? பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே அச்சு எடுத்ததுபோல் இருக்க வேண்டியதில்லை, காய்கறி மாறியிருக்கலாம். ஆனால் மீன் துண்டு சிறுத்துப் போய் விலை அப்படியே இருந்தால் அது பருவ மாற்றம் அல்ல.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. போகப் போக உங்களைத் தெரிந்துகொள்வார்கள். ஜன்னலோர மேசை கிடைக்கும், செஃப் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்வார், கேட்காத தட்டு ஒன்று வரும். அப்போது நீங்கள் எடைபோடுவது உணவகத்தை அல்ல, உங்கள் செல்வாக்கை. 1993-இல் நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் ரூத் ரைஷல், நகரத்தின் உச்சப் புகழில் இருந்த லெ சிர்க் உணவகத்துக்கு மாறுவேடத்தில் போனபோது எப்படி நடத்தப்பட்டார், அடையாளம் தெரிந்து போனபோது எப்படி நடத்தப்பட்டார் என்பதை அருகருகே வைத்து எழுதினார். பத்திரிகை அதற்கு முன்பு கொடுத்திருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார்.

நமக்கு மாறுவேடம் தேவையில்லை. பக்கத்து மேசையைப் பாருங்கள். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, மெனுவின் விலைப் பக்கத்தை முதலில் பார்க்கும் இளம் தம்பதியோ, தனியாக வந்திருக்கும் முதியவரோ இருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எப்போது வந்தது? அவர்கள் கேட்ட கேள்விக்குச் சர்வர் எப்படிப் பதில் சொன்னார்? மலிவானதைத் தேர்ந்தெடுத்தபோது அவர் முகம் மாறியதா? அங்கே நடப்பதுதான் அந்த உணவகத்தின் உண்மையான தரம்.

11. பொதுவில் எழுதுவதானால்

எழுதுவதற்கு முன் அதன் எடையை உணருங்கள். ஹார்வர்டு பொருளியலாளர் மைக்கேல் லூகா 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்கள் மதிப்பீடு எழுதும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் எந்தக் குழுமத்தையும் சேராத தனி உணவகங்களின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதாகக் கண்டார். குறைந்தாலும் பாதிப்பு இருக்கும் அல்லவா? பெரிய குழுமங்களின் கிளைகளுக்கு அந்த விளைவு இல்லை. அடி முழுவதும் சிறிய உள்ளூர் இடங்களுக்குத்தான்.

எத்தனை முறை போனீர்கள், எந்தக் கிழமை, எந்த வேளை, என்ன சாப்பிட்டீர்கள், பில்லை யார் கட்டினார்கள், உணவகத்தில் உங்களைத் தெரியுமா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரே முறை போயிருந்தால் "ஒரு முறை போனேன்" என்று எழுதுங்கள். பரிமாறியவரைப் பாராட்டும்போது பெயர் சொல்லலாம், குறை சொல்லும்போது வேண்டாம். அவருடைய வேலை அந்த ஒரு வரியில் போய்விடக்கூடும். "சுவை அபாரம்" என்பதால் படிப்பவருக்குப் பயனில்லை. "வார இறுதியில் பேச முடியாத இரைச்சல், வாரநாளில் வாட்டிய மீனுக்காகப் போகலாம்" என்பது பயன்படும்.

எழுதியதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. செஃப் மாறிவிட்டார் என்று தெரிந்தால் பழைய மதிப்பீட்டின் தலையில் அதைக் குறித்துவிடுங்கள். பெயர்ப்பலகையும் மெனு அட்டையும் அப்படியே இருக்கும், உள்ளே கை மாறியிருக்கும். யாரும் அறிவிக்காவிட்டாலும் எளிய பதார்த்தங்களில் முதலில் தெரியும்: சூப்பின் உப்பு மாறும், கூடவே வரும் காய்கறியின் பதம் மாறும். அந்த நாளில் உங்கள் பழைய குறிப்பை ஓரம் வைத்துவிட்டு, வாரத்தின் நடுவில் ஒரு மேசைக்கு மறுபடி தொலைபேசியில் சொல்லிவையுங்கள்.